நாகேந்திரம் விசாரிக்கப் போனார்

அத்தியாயம் 11

வியாழக்கிழமை முற்பகல் குளித்துவிட்டு வந்த நாகேந்திரம், சாமிப்படத்துக்கு முன்னால் நின்று நெற்றி நிறையத் திருநீறு பூசினார். பிறகு கைலேஞ்சியை எடுத்து, பூசியதை ஒரு துகள் மிச்சமில்லாமல் துடைத்தார்.

பார்த்துக்கொண்டு நின்ற கௌரிக்கு விளங்கிவிட்டது. மனுசன் பழக்கமில்லாத இடத்துக்குப் புறப்படுகிறார். தெருவுக்குத் தெரு ஆமி செக் பொயின்ற் இருந்த காலத்தில், தமிழன் என்று நெற்றி காட்டிக்கொடுக்கக் கூடாதென்று பிடித்துக்கொண்ட பழக்கம் அது. செக் பொயின்ற்றுகள் போய் எத்தனையோ வருடமாகிவிட்டது. கைலேஞ்சி மட்டும் இன்னும் நெற்றிக்குப் போய்க்கொண்டிருந்தது.

"எங்க வெளிக்கிட்டாச்சு?"

"கொட்டாஞ்சேனைக்கு."

"அங்க என்ன?"

"விசாரிக்கப் போறன்."

கௌரி கையிலிருந்த அகப்பையை மேசையில் வைத்தாள். விசாரிப்பு என்பது நம்மவர்கள் கல்யாணத்துக்குச் செய்கிற காரியம். பொடியன் குடிப்பானா, தாய் சண்டைக்காரியா, தமக்கை ஏன் வீட்டோடு இருக்கிறாள் என்று அக்கம்பக்கத்தில் நைசாகக் கேட்டு அறிந்துகொண்டு வருவது. நாகேந்திரம் அதில் பெரிய புள்ளி. சொந்தத்துக்குள் நாலு சம்பந்தம் அவர் விசாரித்த விசாரிப்பில் நின்றுபோயிருக்கிறது. ஆனால் மகளின் வேலையைப் பற்றி விசாரிக்கப் போகிற தகப்பனை வெள்ளவத்தை இதுவரை கண்டதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை கௌரி சப்பாத்துத் தட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு பையை இழுத்தெடுத்தது வாசகர்களுக்கு நினைவிருக்கும். உள்ளே இரும்பு முனை வைத்த பூட்ஸ் ஒரு சோடி, மஞ்சள் ஹெல்மெற் ஒன்று. மகள் சிவானி மூன்று மாதமாகத் "துறைமுகத்தில் ட்ரெயினிங்" என்று சொல்லிவிட்டுத்தான் போய்வந்தாள். கணக்குப் பகுதி, ஏசி அறை, சுழல்கிற கதிரை என்பதெல்லாம் தாயும் தகப்பனும் தாங்களாகவே போட்டுக்கொண்ட சோடனை. பிள்ளை பழகியது கிரேன் ஓட்ட. கப்பலிலிருந்து கொள்கலன் பெட்டிகளைத் தூக்கி இறக்குகிற, பத்துப் பன்னிரண்டு மாடி உயரமுள்ள கிரேன்.

இன்று இரண்டு மணிக்கு அவளுக்குக் கடைசிச் சோதனை. தேறினாலும் போதாது. குடும்பத்தில் அரசாங்க உத்தியோகம் பார்த்த ஒருவர் நாலு மணிக்குள் பயிற்சி நிலையத்துக்கு நேரில் வந்து பிணைப் பத்திரத்தில் கையெழுத்து வைத்தால்தான் வேலை. அந்தக் குடும்பத்தில் அப்படி இருந்தது ஓய்வுபெற்ற தலைமை எழுதுவினைஞர் நாகேந்திரம் ஒருவர்தான்.

விடியற்காலை பயிற்சிக்குப் புறப்படும்போது சிவானி சொல்லிவிட்டுப் போயிருந்தாள். "அப்பா, சைன் வைக்கிறதும் வைக்காததும் உங்கட விருப்பம். வைக்காட்டி நான் கோவிக்க மாட்டன். ஆனா ஏன் எண்டு ஒரு காரணம் சொல்லோணும். எங்கட ஆக்கள் செய்யிற வேலையில்லை எண்டுறது காரணமில்லை."

நாலு நாளாக நாகேந்திரத்திடம் இருந்தது அந்த ஒரு காரணம்தான். அதையும் பிள்ளை பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். வேறொன்று தேட வேண்டும். கொட்டாஞ்சேனைத் துறைமுகத்து ஆட்களிடம் காரணத்துக்கா பஞ்சம் என்பது அவருடைய நம்பிக்கை. சிவானிக்குக் கிரேன் பழக்குகிற எவ்லின் என்ற பெண்ணின் குடும்பத்தை விசாரித்தாலே மூன்று நாலு கிடைக்கும்.

"ஞாயிற்றுக்கிழமை லண்டன் பொடியன் சயந்தன்ர ஆக்கள் பொம்பிளை பாக்க வருகினம்" என்று வாசலில் வைத்து நினைவூட்டினாள் கௌரி. "நான் அவன்ர தெஹிவளை மாமாவிட்ட, பிள்ளை போர்ட்டில ஒஃபிஸ் வேலை எண்டு சொல்லிப்போட்டன். நீங்கள் ஒண்டையும் உளறிப்போடாதேங்கோ."

"நான் ஏன் உளறுறன்?" என்று குடையை எடுத்துக்கொண்டு மட்டக்குளி பஸ்ஸில் ஏறினார்.

விசாரிப்புக்குச் சலூனைவிட நல்ல இடம் கிடையாது. கோயிலடியில் ஆட்கள் யோசித்துப் பேசுவார்கள். கடையில் அவசரம். சலூனில் முகத்தில் சவர்க்காரத்தோடு இருக்கிறவனுக்கு வாய் தவிர வேறு வேலையில்லை. எவ்லின் வீட்டு ஒழுங்கையின் முனையில் ஒரு சலூன் இருந்தது. உள்ளே சிங்களப் பாட்டு. சலூன்காரர் சிங்களத்தில் "வாருங்கள் மாத்தயா" என்று கதிரையைத் தட்டிக் காட்டினார். நாகேந்திரம் ஒரு சேவ் கேட்டு உட்கார்ந்தார்.

பின்னால் பெஞ்சில் ஒரு மனிதர் சாரத்தோடு இருந்து சிங்களப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். கறுத்த, பருத்த உடம்பு. நாகேந்திரம் கண்ணாடியில் அவரைப் பார்த்து, சிங்கள மனிதர் என்று முடிவுகட்டினார். அந்த மனிதரும் கண்ணாடியில் நாகேந்திரத்தின் வெறும் நெற்றியையும் நீளக்கைச் சட்டையையும் பார்த்து, சிங்கள மாத்தயா ஒருவர் என்று முடிவுகட்டினார். கொழும்பில் வாழ்கிற தமிழர்களுக்கு இதைச் சொல்லி விளங்கப்படுத்தத் தேவையில்லை. இப்படி எத்தனை பேர் அரைமணி நேரம் ஒருவரோடொருவர் சிங்களத்தில் மல்லுக்கட்டிவிட்டுப் போயிருக்கிறோம்!

பெஞ்சில் இருந்தவர் பெயர் வலன்ரைன். எவ்லினுடைய தகப்பன் சாட்சாத் அவரேதான்.

இனி அவர்கள் சிங்களத்தில் பேசியதை நமக்காகத் தமிழில் தருகிறேன்.

"ஐயா இந்தப் பக்கத்து ஆளா?" என்று தொடங்கினார் நாகேந்திரம்.

"பிறந்ததே இங்கேதான்."

"இங்கே எவ்லின் என்று ஒரு பெண் இருக்கிறாராமே. துறைமுகத்தில் கிரேன் பழக்குகிறவர்."

நாகேந்திரத்தின் தாடையில் போய்க்கொண்டிருந்த சவரக்கத்தி நின்றது. சலூன்காரர் கண்ணாடி வழியாகப் பெஞ்சைப் பார்த்தார். வலன்ரைன் பத்திரிகையை மடித்து மடியில் வைத்தார்.

"இருக்கிறார். ஏன் கேட்கிறீர்கள்?"

"என் நண்பர் ஒருவரின் மகள் அவரிடம் பழகுகிறாள். வெள்ளவத்தைப் பக்கம். தமிழ் ஆட்கள்." தன்னையே மூன்றாம் மனிதராக்கிச் சொன்னபோது நாகேந்திரத்துக்கு நாக்குக் கொஞ்சம் கூசத்தான் செய்தது. "அவர்களுக்குப் பயம். துறைமுகத்து ஆட்கள் சம்பளம் எடுத்த அன்றைக்கே குடித்துத் தீர்த்துவிடுவார்களாமே. அந்தப் பெண்ணின் தகப்பன் எப்படி?"

"தகப்பனா? கறுப்பு. கொஞ்சம் குண்டு."

சலூன்காரருக்கு இருமல் வந்தது.

"குடிப்பாரா?"

"நத்தார் பண்டிகைக்கு ஒரு கிளாஸ் வைன். டொக்டர் திட்டிய பிறகு அதுவும் அரைக் கிளாஸ்."

"சண்டை சச்சரவு?"

"பெண்சாதியிடம் மட்டும். அதிலும் தோல்விதான்."

நாகேந்திரத்துக்குச் சப்பென்று போய்விட்டது. இதையெல்லாம் காரணமென்று மகளிடம் கொண்டுபோக முடியாது. அவர் அடுத்த கேள்வியை யோசிப்பதற்குள் வலன்ரைன் முந்திக்கொண்டார்.

"அந்த வெள்ளவத்தைப் பிள்ளையைப் பற்றி நானும் கேள்விப்பட்டேன். ஒரு கிழமை தாங்கமாட்டாள் என்று பந்தயமே கட்டினேன்."

"ஏன் அப்படி?"

"யாழ்ப்பாணத்து ஆட்கள் அல்லவா? சாய்ந்துகொள்ளக் கதிரையில்லாத வேலைக்கு வருவார்களா? பத்துப் படி ஏறினால் லிப்ட் எங்கே என்பார்கள். சேர்ட்டிபிகேற்றை வாங்கிக்கொண்டு கனடாவுக்குப் பறந்துவிடுவார்கள். மற்ற மனிதரை மனிதராக மதிக்கமாட்டார்கள். வீட்டுக்குப் போனால், சாப்பிட்டுவிட்டுத்தானே வந்தீர்கள் என்று வாசலிலேயே கேட்பார்கள்."

சவர்க்கார நுரைக்குள் நாகேந்திரத்தின் காது இரண்டும் சிவந்தன. குழாய் திருத்த வந்தவருக்குக்கூடப் போன கிழமை வாழைக்காய்ப் பொரியலோடு சோறு போட்டு அனுப்பியவள் கௌரி. முப்பத்தெட்டு வருடம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு கந்தோருக்குப் போனவர் அவர். எழுந்து நின்று சொல்லலாம். சொன்னால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

"அதை உங்களுக்கு யார் சொன்னது?" என்றார். குரல் அவர் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது.

வலன்ரைன் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. "எங்கள் அப்பா."

"அவருக்கு?"

"அவர் வேலைசெய்த இடத்தில் யாழ்ப்பாணத்துப் பெரிய கிளார்க் ஒருவர் இருந்தாராம். அப்பாவைக் கதிரையில் இருக்கச் சொன்னதே இல்லையாம்."

"ஒருவரா?"

"ஒருவர்தான்."

"ஒரு ஆளைப் பார்த்துவிட்டு ஊர் முழுவதையும் அளந்துவிட்டீர்களா?"

நாகேந்திரம் வெற்றிக் களிப்போடு கண்ணாடியைப் பார்த்தார். கந்தோரில் இருந்த காலத்தில்கூட ஒரு வாதத்தை இவ்வளவு சுத்தமாக அவர் வென்றதில்லை. அந்தச் சந்தோசம் பத்து விநாடி நீடித்தது.

"நியாயம்தான்" என்றார் வலன்ரைன். "அப்படியானால் துறைமுகத்து ஆட்கள் குடித்துத் தீர்ப்பார்கள் என்று உங்களுக்கு யார் சொன்னது?"

அந்த நேரம் பார்த்து நாகேந்திரத்தின் சட்டைப் பையில் போன் அடித்தது. நுரை ஒட்டாமல் தூரப் பிடித்துக்கொண்டு, பழக்கதோசத்தில் சத்தமாகப் பேசினார்.

"ஓம், சொல்லும் கௌரி... ஓமோம், கொட்டாஞ்சேனையிலதான் நிக்கிறன்... இல்லை, இன்னும் ஒரு காரணமும் அம்பிடேல்லை."

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தார். கண்ணாடியில் வலன்ரைன் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"ஐயா" என்றார் அவர், தமிழில். "நீங்க சிவானிட அப்பாவா?"

"நீங்கள்... தமிழே?"

"எவ்லின்ட டடா. அந்தக் குண்டு மனுசன் நான்தான்."

சலூன்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நாகேந்திரத்துக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம்போல இருந்தது. ஒரு மனிதரின் முகத்துக்கு நேரே அவருடைய மகளையும் அவரையும் விசாரித்திருக்கிறார். விசாரிப்பில் கரைகண்ட அவருக்கு இப்படி ஒரு தவறு வாழ்க்கையில் நடந்ததில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். சவர்க்கார நுரைதான் வாய்க்குள் போனது.

வலன்ரைனுக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. அவர் சொன்னதும் கொஞ்சநஞ்சமல்ல. அதனால் இருவருமாக அதை அங்கேயே விட்டுவிட்டார்கள்.

"மணி ஒண்டே முக்காலாகப் போவுது" என்றார் வலன்ரைன், சேவ் முடிந்ததும். "எங்கட வீட்டு பல்கனியில நின்னா ஏழாம் நம்பர் கிரேன் தெரியும். அதிலதான் புள்ளைக்கு டெஸ்ட். வாங்க, போவம். சாப்பிட்டீங்களான்னு வாசல்ல கேக்கமாட்டேன்."

நாலாம் மாடி. லிப்ட் வேலைசெய்யவில்லை. நாகேந்திரத்துக்கு மூச்சு வாங்கியது, ஆனால் லிப்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் யாழ்ப்பாணத்தின் மானம் போய்விடும்.

வலன்ரைனின் மனைவி ஐறீன் ஒன்றும் கேட்காமல் ஒரு தட்டில் கேக்கும் இஞ்சித் தேத்தண்ணியும் கொண்டுவந்து வைத்தார். பல்கனிக்கு வெளியே கூரைகள், அதற்கப்பால் சுவர், அதற்கப்பால் கடலும் கிரேன்களும். வெள்ளவத்தையில் நாகேந்திரம் தினமும் பார்ப்பதும் இதே கடல்தான். இந்தப் பக்கத்தால் ஒருநாளும் பார்த்ததில்லை.

"அந்தா, ஏழு. மேல கண்ணாடிப் பெட்டி மாதிரி இருக்கே, அதுக்குள்ள உங்கட மகள். கீழ வயர்லெஸ்ஸோட என்ட மகள்."

"ஆள் தெரியேல்லையே."

"ஆள் தெரியாது. தூக்குற பெட்டிதான் தெரியும். மூணு பெட்டி இறக்கணும். காத்துக்குப் பெட்டி ஆடும். புதுசா வாறவங்க பயந்து பின்னால இழுப்பாங்க. இழுத்தா இன்னும் கூட ஆடும். அதோட சேர்ந்து முன்னால போகணும். அப்பதான் அடங்கும்." வலன்ரைன் கம்பியைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "எவ்லின் மொத மொத ஏறினப்போ நான் சைன் வைக்கல்ல ஐயா. ஐறீன்ட அண்ணன் வந்து வச்சாரு. பொம்பளப் புள்ளைக்கு இது சரிவராதுன்னு நெனச்சேன். யார் சொன்னான்னு கேட்டா, ஒருத்தரும் சொல்லல்ல. எல்லாரும் சொன்னாங்க."

நாகேந்திரம் தேத்தண்ணியைக் குடித்தார். சலூனில் விட்ட கேள்விக்கு அவர் பக்கத்துப் பதில் இன்னும் பாக்கியிருந்தது.

"என்ர சித்தப்பா" என்றார். "நான் வேலைக்கு வந்த முதல்நாள் சொன்னவர். தம்பி, புறக்கோட்டைக்கு அங்கால போகாதை, குடிகாரக் கூட்டம் எண்டு."

"அவரு கொட்டாஞ்சேனைக்கு வந்திருக்காரா?"

நாகேந்திரம் யோசித்துப் பார்த்தார். "ஒருநாளும் இல்லை. நானும் நாப்பது வருசத்தில ரெண்டே ரெண்டு தரம். ரெண்டும் செத்தவீடு."

சொல்லி முடிக்கையில் ஏழாம் நம்பர் அசைந்தது.

முதல் பெட்டி நேராக எழுந்தது. சிவப்புப் பெட்டி. தண்டவாளத்தில் போவதுபோல நகர்ந்து, கீழே நின்ற லொறியில் உட்கார்ந்தது. நாகேந்திரம் மூச்சுவிட்டார். இரண்டாவது பெட்டி பாதிவழி வந்தபோது கடலிலிருந்து ஒரு காற்று வந்தது. பல்கனியில் காய்ந்த துணியெல்லாம் படபடத்தது. பெட்டி ஆடத் தொடங்கியது.

"ஐயோ" என்றார் ஐறீன்.

பெட்டி ஒருமுறை போய் வந்தது. மறுமுறை இன்னும் தூரம் போனது. கையெழுத்து வைப்பதில்லை என்று வீட்டிலிருந்து புறப்பட்டு வந்த மனிதர், பல்கனிக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, குதிக்காலைத் தூக்கி நின்று, கடலுக்குக் கேட்கக் கத்தினார்.

"பின்னால இழுக்காதை பிள்ளை! முன்னால போ! அதோட சேர்ந்து போ!"

கிரேன் முன்னால் போனது. பெட்டியின் ஆட்டத்தோடு சேர்ந்து போய், அது திரும்ப நினைத்த இடத்தில் அதற்கு மேலே போய் நின்றது. ஆட்டம் அடங்கியது. சிவானி கொஞ்சம் பொறுத்தாள். பிறகு குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவதுபோல அந்தப் பெட்டியைக் கீழே வைத்தாள்.

மூன்றாவது பெட்டியை நாகேந்திரம் சரியாகப் பார்க்கவில்லை. கண் கலங்கிவிட்டது. அறுபத்தைந்து வயதில் அவருக்கு எத்தனையோ பெருமைகள் வந்து போயிருக்கின்றன. பதவி உயர்வு வந்தது, மூத்தவன் சாரங்கன் பட்டம் வாங்கினான். எல்லாம் மற்றவர்களுக்குச் சொல்லிக்காட்டுவதற்கான பெருமைகள். இது அப்படியில்லை. ஒருவருக்கும் சொல்லாவிட்டாலும் நெஞ்சுக்குள் நிற்கக்கூடியது.

வலன்ரைனின் போன் அடித்தது. எவ்லின். சத்தமாகப் போட்டார்.

"டடா, புள்ள பாஸ்! ரெண்டாவது பெட்டியப் பாத்தீங்களா? எனக்கே உயிர் போயிட்டுது." பிறகு குரல் இறங்கியது. "ஆனா அவட அப்பா வரமாட்டாராம் டடா. புள்ள வெளிய காட்டிக்கல்ல. ஹெல்மெட்டக் கழட்டாம அப்படியே இருக்கு."

வலன்ரைன் நாகேந்திரத்தைப் பார்த்தார். "வந்திருக்காருன்னு சொல்லு" என்றார்.

நாகேந்திரம் புறப்பட எழுந்தார். சட்டைப் பையிலிருந்து சின்னக் கடதாசிப் பொட்டலம் ஒன்றை எடுத்தார். திருநீறு. எங்கே போனாலும் பையில் இருக்கும், நெற்றியில்தான் இராது. ஐறீன் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்து அவருக்கு முன்னால் பிடித்தார். மாதா படத்துக்குக் கீழே நின்று நாகேந்திரம் மூன்று விரலாலும் நெற்றி நிறையப் பூசினார். கைலேஞ்சி அதன் பாட்டில் பையிலேயே கிடந்தது.

மூன்றரைக்குப் பயிற்சி நிலையத்தில் மஞ்சள் ஹெல்மெற்றோடு சிவானி எழுந்து நின்றாள். தகப்பனின் நெற்றியையும், அவருக்குப் பின்னால் நின்ற வலன்ரைனையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒன்றும் விளங்கவில்லை.

"அப்பா?"

"காரணம் தேடித் திரிஞ்சனான் பிள்ளை" என்றார் நாகேந்திரம். "கிடைக்கேல்லை. பேனையைத் தா."

கையெழுத்தை வழக்கத்தைவிடப் பெரிதாக வைத்தார். மை காயும் முன்பே சிவானி அவரைக் கட்டிப்பிடித்ததில் ஹெல்மெற் அவர் தாடையில் இடித்தது. எவ்லின் கைதட்டினாள். சிவானி பிடியை விட்டபோது நாகேந்திரத்தின் போன் அடித்தது. சயந்தனின் தெஹிவளை மாமா.

"ஓம், வணக்கம்."

"ஒரு சின்ன விசாரிப்பு" என்றது மறுபக்கம், மிகவும் நைசாக. "ஞாயிற்றுக்கிழமை வாறதுக்கு முதல் கேட்டு வைப்பம் எண்டு. மகள் போர்ட்டில ஒஃபிஸ் வேலை எண்டு உங்கட மிசிஸ் சொன்னவ. இஞ்ச ஆரோ வேற மாதிரி ஒரு கதை சொல்லுகினம். நான் நம்பேல்லை. எங்கட ஆக்கள் அந்த வேலைக்கெல்லாம் போறதில்லைத்தானே?"

சிவானி தகப்பனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒஃபிஸ் இல்லை" என்றார் நாகேந்திரம். "கிரேன் ஓட்டுறா. ஏழாம் நம்பர்."

மறுபக்கத்துக் குரலில் நைசு போய்விட்டது. "ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. நானே பாத்தனான்."

மாமா விடைபெறாமலே போனை வைத்துவிட்டார். நாகேந்திரம் அதைப் பையில் போடப் போனார். போடுவதற்குள் திரும்பவும் அடித்தது. இந்த முறை திரையில் கௌரி.